அமெரிக்க எலிமெண்டரி ஸ்கூலில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை: புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

எங்கள் அபார்ட்மெண்டில் ஒவ்வொரு கோடையிலும் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் புதிதாக வந்து இறங்குகின்றன. செப்டம்பரில் பஸ் ஸ்டாப்பில் கேள்வி ஆரம்பிக்கும், நவம்பர் கடைசி வரைக்கும் ஓயாது. வருடா வருடம் அதே கேள்விகள், அதே பதற்றம். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் இருப்பது மத்திய நியூ ஜெர்சி. பெரியவன் ஐந்தாம் கிரேடு, சின்னவள் இரண்டாம் கிரேடு. இங்கே சொல்வதில் பாதி எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும், மீதி ஊருக்கு ஊர் மாறும்.

டெக்சாஸில் இருக்கும் என் தங்கை மகன் ஆகஸ்டிலேயே பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டான். இங்கே ஏன் இன்னும் திறக்கவில்லை?

வடகிழக்கு மாநிலங்களில் பல பள்ளிகள் லேபர் டே, அதாவது செப்டம்பரின் முதல் திங்கள், கழிந்த பிறகுதான் திறக்கும். தெற்கே ஆகஸ்டிலேயே மணி அடித்துவிடும், அவர்களுக்கு மே மாதமே முடிந்தும்விடும், நமக்கு ஜூன் பாதி தாண்டும். வயதுக் கணக்கும் அப்படித்தான். டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் கிண்டர்கார்டனுக்கு செப்டம்பர் 1க்குள் 5 வயது ஆகியிருக்க வேண்டும். நியூயார்க் நகரத்தில் அந்த வருடம் டிசம்பர் 31க்குள் ஆனால் போதும். நியூ ஜெர்சியில் அந்தந்தப் பள்ளி மாவட்டமே தேதி வைத்துக்கொள்கிறது. தங்கை வீட்டுக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்காதீர்கள்.

அக்கா, சேர்க்கும்போது "வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்" என்று ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். தமிழ் என்று போட்டால் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துவிடுவார்களாமே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் செய்த தப்பு என் மகனுக்கு மூன்று மாதம் செலவு வைத்தது. நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்த புதிதில் பக்கத்து வீட்டில் இருந்தவர் இதையேதான் சொன்னார், "இங்கிலீஷ்னே போட்டுடுங்க, இல்லன்னா ஈஎஸ்எல்-ல, அதாவது ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்புல, தள்ளிடுவாங்க" என்று. போட்டேன். பையன் இங்கிலீஷ் மீடியம் எல்கேஜி படித்தவன்தானே, சமாளிப்பான் என்று நினைத்தேன். செப்டம்பர், அக்டோபர் முழுக்க அவன் வகுப்பில் வாயே திறக்கவில்லை, வீட்டுக்கு வந்தால் காது வலிக்கப் பேசுவான். நவம்பரில் டீச்சரைச் சந்தித்தபோது, "இவனுக்குக் காது கேட்கிறதா என்று பரிசோதித்துப் பார்க்கலாமா" என்று மிகுந்த தயக்கத்தோடு கேட்டார். ஃபார்மில் ஆங்கிலம் என்று எழுதியிருந்ததால், பிள்ளை புது மொழிக்குள் வந்து முழித்துக்கொண்டிருக்கிறான் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

நடைமுறை இதுதான். வீட்டு மொழி வேறு என்று தெரிந்தால் குழந்தைக்கு ஒரு சின்னத் தேர்வு வைப்பார்கள். நியூ ஜெர்சி உட்படப் பல மாநிலங்களில் அதன் பெயர் வைடா, மதிப்பெண் 1 முதல் 6 வரை. நன்றாகச் செய்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. இல்லையென்றால் ஈஎஸ்எல் டீச்சர் சிறு குழுவாகக் கொஞ்ச நேரம் சொல்லிக் கொடுப்பார், சில பள்ளிகளில் அவரே வகுப்புக்குள் வந்து பக்கத்தில் உட்காருவார். மீதி நேரமெல்லாம் எல்லாரோடும்தான். பெற்றோருக்கு வேண்டாம் என்றால் மறுக்கவும் உரிமை உண்டு, ஆனால் வருடாந்திரத் தேர்வு எழுதியாக வேண்டும். இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் சீனக் குழந்தைகளுக்குப் புரியாத மொழியில் பாடம் நடத்திவிட்டு அதைச் சம வாய்ப்பு என்று சொல்ல முடியாது என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அதன் தொடர்ச்சிதான் நமக்குக் கிடைப்பது. சின்னவளுக்குத் தமிழ் என்றே எழுதினேன். ஒரு வருடம் ஈஎஸ்எல் போனாள், அந்த டீச்சர்தான் இன்றுவரை அவளுக்குப் பிடித்த டீச்சர்.

பேக் டு ஸ்கூல் நைட்டுக்குக் குழந்தையைக் கூட்டிப்போகலாமா?

பெரும்பாலும் கூடாது, அது பெற்றோருக்கான மாலை. உங்கள் பிள்ளையின் குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்து, டீச்சர் சொல்வதைக் கேட்டுவிட்டு வர வேண்டும். உங்கள் பிள்ளையைப் பற்றித் தனியாகப் பேசுவதற்கான நேரம் இதுவல்ல, வரிசையில் நின்று "எப்படிப் படிக்கிறான்" என்று கேட்டால் டீச்சர் சங்கடத்தோடு சிரிப்பார். ஆனால் ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக் கொடுக்கலாம். பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், என்ன சாப்பிடமாட்டான், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவ்வளவு போதும். கயல்விழி என்றொரு குழந்தை எங்கள் வகுப்பில் "கேல்விஸி" ஆகி வருடம் முழுக்க அப்படியே இருந்தாள், அவளும் திருத்தவில்லை, அவள் அம்மாவும் திருத்தவில்லை. "ழ" வராது, பரவாயில்லை, ஆனால் "கயல்" வரும்.

பெயர் என்றதும் இன்னொன்று. நம் வீடுகளில் மூன்று பேருக்கு மூன்று கடைசிப் பெயர். பிள்ளைக்கு அப்பா பெயர், அப்பாவுக்குத் தாத்தா பெயர், எனக்கு என் அப்பா பெயர். பள்ளி அலுவலகத்தில் நிஜமாகவே "இவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா" என்று கேட்டார்கள். மாலையில் பிள்ளையை அழைத்துப்போகக் கூடியவர்கள் பட்டியலில் எல்லாருடைய பெயரையும் அடையாள அட்டையில் இருப்பது போலவே எழுதிக் கொடுங்கள். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தால் அவர்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் தாத்தாவை வாசலிலேயே நிற்க வைத்துவிடுவார்கள்.

பிக்சர் டே படத்தைக் கட்டாயம் வாங்க வேண்டுமா?

வேண்டாம். வாங்காவிட்டாலும் எல்லாரையும் படம் எடுப்பார்கள், வகுப்புப் படத்திலும் இருப்பான். கண்ணை மூடியிருந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கும் நாள் ஒன்று வரும். பச்சைத் திரை வைத்து எடுக்கிறார்கள் என்றால் பச்சைச் சட்டை போட்டு அனுப்பாதீர்கள். அப்புறம், "ரீடச்" என்று கூடுதல் காசுக்கு ஒன்று இருக்கும், முகத்தில் உள்ள புள்ளிகளை நீக்குவதற்கு. ஆசைப்பட்டு அதை டிக் செய்தேன், மகளின் சாந்துப்பொட்டையும் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். பாட்டி இன்னும் அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட விடவில்லை.

தீயணைப்பு வண்டி பள்ளிக்கு வந்ததாம், வீட்டில் அலாரம் எங்கே என்று பிள்ளை கேட்டுத் துளைக்கிறான். எதற்கு இது?

அக்டோபர் 9 வரும் வாரம் தீத் தடுப்பு வாரம். 1871 அக்டோபர் 8 அன்று தொடங்கிய சிகாகோ பெருந்தீயின் நினைவாக 1922 முதல் நடக்கிறது. வீட்டுப்பாடமாக வீட்டின் வரைபடம் போட்டு, ஒவ்வொரு அறையிலிருந்தும் வெளியேற இரண்டு வழி குறிக்கச் சொல்வார்கள். மிளகாய் தாளிக்கும்போது அலறுகிறது என்று நாம் அலாரத்தில் பேட்டரியைக் கழற்றி வைத்திருப்போம், அதைப் பிள்ளை டீச்சரிடம் போய்ச் சொல்லிவிடுவான். மாட்டிவிடுங்கள். கார்த்திகை விளக்கு வரிசைக்கும் அதுதான் நல்லது.

லாக்டவுன் டிரில் என்றால் என்ன? குழந்தை இருட்டில் மூலையில் உட்கார்ந்திருந்ததாகச் சொல்கிறாள்.

நியூ ஜெர்சியில் மாதம் ஒரு தீ ஒத்திகையும் ஒரு பாதுகாப்பு ஒத்திகையும் நடத்த வேண்டும் என்பது சட்டம். பாதுகாப்பு ஒத்திகையில் ஒரு வகைதான் இந்த லாக்டவுன். துப்பாக்கியோடு யாராவது உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக, கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, குழந்தைகளைச் சத்தமில்லாமல் ஒரு மூலையில் உட்கார வைப்பார்கள். சின்ன வகுப்புகளில் காரணத்தை அவ்வளவு விவரமாகச் சொல்ல மாட்டார்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் இலகுவான பதில் கிடையாது. முதல் தடவை மகள் வந்து, "நான் தும்மல் வந்தும் அடக்கிக்கிட்டேன் அம்மா" என்று பெருமையாகச் சொன்னபோது நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். அன்றைக்கு அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், கேட்காததை நானாக எடுக்கவில்லை. குழந்தை தூங்கப் பயந்தால் டீச்சருக்கோ பள்ளி ஆலோசகருக்கோ ஒரு இமெயில் போடுங்கள், அடுத்த ஒத்திகைக்கு முன்பே அவளிடம் பேசித் தயார் செய்வார்கள்.

மேப் டெஸ்டில் 60 வாங்கியிருக்கிறான். டியூஷன் வைக்க வேண்டுமா?

மேப் என்பது பிள்ளையின் படிப்பு வளர்ச்சியை அளக்கப் பள்ளி வைக்கும் தேர்வு. முதலில் அந்த 60 எந்த 60 என்று பாருங்கள். அது பர்சென்டைல், நூற்றுக்கு அறுபது மார்க் இல்லை. நாடு முழுக்க அதே கிரேடு படிக்கும் 100 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் உங்கள் பிள்ளை ஏறக்குறைய 60 பேருக்கு மேலே நிற்கிறான் என்று பொருள், அது சராசரிக்கும் மேல். பக்கத்தில் 180, 190 என்று இருக்கும் ரிட் எண்ணைத்தான், அதாவது பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறான் என்று காட்டும் மதிப்பெண்ணைத்தான், நீங்கள் கவனிக்க வேண்டும், இலையுதிர் காலத்தில் ஒரு தடவை, வசந்தத்தில் ஒரு தடவை எடுத்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ரேங்க் கார்டு, முதல் ரேங்க், இதெல்லாம் இங்கே கிடையாது. ஒரு அப்பா இந்த 60-ஐப் பார்த்துவிட்டுப் பையனை இரண்டு வாரம் கிரிக்கெட்டுக்கு விடவில்லை, பாவம் பையன்.

டீச்சர் இலை பொறுக்கிக்கொண்டு வரச் சொல்கிறார். பண்ணைக்கு வேறு கூட்டிப்போகிறார்களாம்.

போகட்டும், வருடத்திலேயே நல்ல நாள் அதுதான். வைக்கோல் வண்டிச் சவாரி, சோளக்காட்டுக்குள் வழி தேடும் விளையாட்டு, கடைசியில் ஆளுக்கொரு குட்டிப் பூசணி. அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பாவிட்டால் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், அழுதாலும் ஏற்ற மாட்டார்கள். பழைய ஷூ போட்டு அனுப்புங்கள், சேறு.

இலைப் பாடம் எனக்கே பிடிக்கும். நாள் குறுகிக் குளிர் வரும்போது இலையில் உள்ள பச்சையம் சிதைந்துபோகிறது, அதுவரை அதற்கடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு மட்டும் அப்படியில்லை, அது இலை உதிரும் தறுவாயில் புதிதாக உண்டாகிறது. நம் பழைய பருவக் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம், வாடையும் மழையும். நம் ஊர் மரங்களில் பலவும் இலை கொட்டுவது மாசி, பங்குனி வாக்கில். "இலையுதிர்காலம்" என்று பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த எனக்கு அதன் பொருள் கண்ணால் புரிந்தது இங்கே வந்து, மகன் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய அள்ளி வந்து கூடத்தில் கொட்டியபோதுதான்.

ஹாலோவீனுக்கு என்ன போட்டு அனுப்புவது? எங்கள் வீட்டில் இது வழக்கமில்லை, அனுப்பாமல் இருந்தால் தப்பாக நினைப்பார்களா?

நினைக்க மாட்டார்கள். அக்டோபர் 31 அன்று வேஷ அணிவகுப்பு நடத்தாத பள்ளிகளே உண்டு. கொண்டாடாத குடும்பங்களை எண்ணியும் பாட நேரத்தை எண்ணியும் சில மாவட்டங்கள் நிறுத்திவிட்டன, சில "ஃபால் ஃபெஸ்டிவல்" என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டன. உங்கள் பிள்ளை கலந்துகொள்ள வேண்டாம் என்றால் டீச்சருக்கு முன்கூட்டியே எழுதுங்கள், அந்த நேரத்தில் நூலகத்தில் வேறு வேலை கொடுப்பார்கள்.

கலந்துகொள்வதென்றால், பள்ளிக்குள் முகமூடி, வாள், துப்பாக்கி, ரத்தம் வழியும் மேக்கப் எதுவும் பொதுவாகக் கூடாது. கடைக்கு ஓடி நாற்பது டாலருக்கு வாங்க வேண்டியதில்லை. மகன் முதல் வருடம் தாத்தா அனுப்பிய வேட்டி, துண்டு, ஒட்டுமீசையோடு பாரதியாராகப் போனான், வகுப்பில் யாருக்கும் யாரென்று தெரியவில்லை, ஆனால் மீசைக்குப் பெரிய வரவேற்பு. மேலே ஸ்வெட்டர் போட மறுத்துவிட்டான் என்பதுதான் ஒரே சிக்கல், அணிவகுப்பைப் பார்க்கக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கே பல் நடுங்கியது.

"டிரங்க் ஆர் ட்ரீட்" என்று நோட்டீஸ் வந்தால் அது மாலையில் பள்ளி வாகன நிறுத்தத்தில் நடப்பது. பெற்றோர்கள் கார் டிக்கியைத் திறந்து ஜோடித்து மிட்டாய் கொடுப்பார்கள், குழந்தைகள் காருக்குக் கார் போவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு, மிட்டாய் கேட்டுத் தெரியாத தெருவில் வீடு வீடாகக் கதவு தட்டுவதைவிட இது வசதி.

நாங்கள் சைவம். அந்த மிட்டாய்களில் என்ன இருக்கும்? லஞ்சுக்கு எதை அனுப்பக்கூடாது?

மார்ஷ்மெல்லோ, கேண்டி கார்ன், கம்மி கரடி, ஸ்டார்பர்ஸ்ட் எல்லாவற்றிலும் ஜெலட்டின் உண்டு, அது மாடு அல்லது பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. பார்ட்டிகளில் தட்டில் வைக்கும் ரைஸ் கிரிஸ்பீஸ் ட்ரீட்டிலும் உண்டு, பார்க்க நம் பொரி உருண்டை மாதிரி அப்பாவியாக இருக்கும். ரூம் பேரண்டிடம், அதாவது வகுப்புப் பார்ட்டியை ஏற்பாடு செய்யும் அம்மாவிடமோ அப்பாவிடமோ, "சைவம்" என்றால் போதாது, அவர்கள் கோழியை மட்டும் எடுத்துவிட்டு வைப்பார்கள். முட்டை சேருமா, ஜெலட்டின் சேருமா என்று பிட்டுப் பிட்டுச் சொல்லுங்கள்.

லஞ்சில் கவனிக்க வேண்டியது அலர்ஜி. உங்கள் பிள்ளையின் வகுப்பு நிலக்கடலை கூடாத வகுப்பு என்றால் கடலைச் சட்னியும் கடலை மிட்டாயும் கிடையாது. நமக்குச் சட்டென்று தோன்றாத ஒன்று எள். 2023 தொடக்கத்திலிருந்து எள்ளும் இங்கே உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது அலர்ஜிப் பொருள். வகுப்பில் எள் அலர்ஜி உள்ள குழந்தை இருந்தால் நல்லெண்ணெய் குழைத்த இட்லிப்பொடி பிரச்சினைதான், பகிர்ந்து சாப்பிடாதே என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். ஹாலோவீனில் நீலப்பச்சைப் பூசணி வைத்த வீட்டைப் பார்த்தால், அங்கே மிட்டாய்க்குப் பதில் பென்சில், ஸ்டிக்கர் போன்ற தின்னாத பொருள் கிடைக்கும் என்று அர்த்தம். 2014 முதல் நாடு முழுக்கப் பரவிய பழக்கம் அது.

தீபாவளிக்கு லீவு உண்டா?

ஊரைப் பொறுத்தது. நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளுக்கு 2023 நவம்பரில் சட்டம் வந்து, 2024 நவம்பர் 1 அன்று முதல் தடவையாக விடுமுறை விட்டார்கள். தேதியைக் கவனித்தீர்களா? அந்த வருடம் தமிழ்நாட்டில் தீபாவளி அக்டோபர் 31. நம் கணக்கு நரக சதுர்த்தசி விடியற்காலை, வட இந்தியர் கணக்கு லட்சுமி பூஜை நாள், சில வருடம் ஒன்றாக வரும், சில வருடம் ஒரு நாள் தள்ளும். அந்த வருடம் எங்கள் வீட்டில் காலை எண்ணெய்க் குளியல், கங்கா ஸ்நானம் ஆச்சா, சாயங்காலம் ஸ்பைடர்மேன். கலிஃபோர்னியாவில் 2025-இல் தீபாவளியை மாநில விடுமுறையாக்கிச் சட்டம் கையெழுத்தானது.

நியூ ஜெர்சியில் நம்மவர்கள் நிறைய இருக்கும் மாவட்டங்கள் பலவும் லீவு விடுகின்றன. விடாத இடங்களிலும் மாநிலக் கல்வி வாரியத்தின் மத விடுமுறைப் பட்டியலில் தீபாவளி இருக்கிறது. பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு குறிப்பு அனுப்பினால் போதும், அந்த ஆப்சென்டைக் காட்டிப் பரிசையோ தேர்வு எழுதும் வாய்ப்பையோ பறிக்க முடியாது. இதைத் தெரியாமல் "வயிற்றுவலி" என்று பொய் எழுதி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும், நானும் ஒரு வருடம் எழுதியிருக்கிறேன். இப்போது "தீபாவளி" என்றே எழுதுகிறேன், டீச்சர் பதிலுக்கு வகுப்பில் வந்து பத்து நிமிடம் பேசுகிறீர்களா என்று கேட்டார். அகல் விளக்கும் முறுக்கும் எடுத்துப் போனேன், முறுக்கைக் காட்டத்தான் முடிந்தது, கொடுக்க முடியவில்லை.

இந்த வாரம் முழுக்கத் தினம் ஒரு வேஷம் கேட்கிறார்கள், ஒருநாள் பைஜாமா, ஒருநாள் பொருந்தாத சாக்ஸ். என்ன விஷயம்?

ரெட் ரிப்பன் வாரம், அக்டோபர் 23 முதல் 31 வரை. 1985-இல் மெக்சிகோவில் கடத்திக் கொல்லப்பட்ட போதைத் தடுப்பு அதிகாரி என்ரிகே கமரேனாவின் நினைவாகத் தொடங்கியது. அவ்வளவு கனமான விஷயம் இரண்டாம் கிரேடுக்கு வரும்போது சாக்ஸாகிவிடுகிறது. மறந்துபோனாலும் ஒன்றுமில்லை, ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணையை ஒட்டிவைக்கும் பழக்கம் எனக்கு இதனால்தான் வந்தது.

புக் ஃபேருக்கு எவ்வளவு பணம் கொடுப்பது?

ஸ்காலஸ்டிக் நிறுவனம் பெட்டி பெட்டியாகப் புத்தகம் கொண்டுவந்து நூலகத்தில் ஒரு வாரம் கடை விரிக்கும், விற்பனையில் ஒரு பங்கு பள்ளிக்கு. இருபது டாலரை ஜிப் பையில் பெயரெழுதிக் கொடுங்கள், வரியும் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். புத்தகம் வாங்கத்தான் அனுப்புவீர்கள், வாசனை அழிரப்பரும் கை வடிவக் குச்சியும்தான் வீட்டுக்கு வரும்.

பிடிஏ-வில் சேர வேண்டுமா? எனக்கு எச்-4 விசா, பள்ளியில் உதவி செய்யலாமா?

சேருங்கள், சந்தா கொஞ்சம்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று நம் ஊரிலும் உண்டு, இங்கே 1897-இல் தாய்மார்களின் அமைப்பாக ஆரம்பித்தது. புக் ஃபேரில் நிற்பது, பார்ட்டிக்குப் பலூன் ஊதுவது, பண்ணைக்குத் துணையாகப் போவது எல்லாம் பெற்றோர்கள் சம்பளமில்லாமல் செய்வது, எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் துணை என்ற முறையில், உள்ள அம்மாக்கள் பலர் செய்கிறார்கள். பல மாவட்டங்களில் முன்பே பின்னணிச் சோதனைக்கு விண்ணப்பிக்க வேண்டும், வாரக் கணக்கில் ஆகும், அக்டோபர் பயணத்துக்கு அக்டோபரில் விண்ணப்பிக்காதீர்கள். எனக்கு இங்கே முதல் தோழி கிடைத்தது ஃபண்ட்ரெய்சர் ஓட்டத்தில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும்போதுதான்.

நவம்பரில் பள்ளி நடக்கிறதா இல்லையா?

சந்தேகம் நியாயமே. நவம்பர் முதல் ஞாயிறு விடியற்காலை 2 மணிக்குக் கடிகாரம் 1 ஆகிறது, இந்தியாவுக்கும் நமக்கும் இடைவெளி ஒன்பதரையிலிருந்து பத்தரை மணி நேரம் ஆகிவிடும், தாத்தா பாட்டியிடம் சொல்லிவிடுங்கள். பள்ளிகளில் வாக்குச்சாவடி இருப்பதால் தேர்தல் செவ்வாய்க்கிழமை பல இடங்களில் லீவு. நியூ ஜெர்சியில் அதை ஒட்டியே ஆசிரியர் சங்க மாநாட்டுக்காக ஒரு வியாழனும் வெள்ளியும் லீவு. 11-ஆம் தேதி வெட்டரன்ஸ் டே, சில பள்ளிகளில் விடுமுறை, சில பள்ளிகளில் முன்னாள் ராணுவத்தினரை அழைத்து விழா. நடுவே பெற்றோர் சந்திப்புக்காக அரைநாள்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் செப்டம்பரிலேயே காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு யார் எந்த நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அரைநாள் பற்றி யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள், பஸ் வந்து இறக்கிவிட்டுப் போய்விடும்.

டீச்சர் சந்திப்பில் என்ன கேட்பது? போன தடவை "ஸோ ஸ்வீட்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

உங்களுக்குக் கிடைப்பது 15, மிஞ்சினால் 20 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் பாராட்டாகவே போகும், அது இங்கத்து மரியாதை, அதை நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள். நம் பழக்கம் டீச்சர் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு "நீங்க பாத்துக்கோங்க" என்று ஒப்படைப்பது, ஊரில் அது மதிப்பு. இங்கே கேள்வி கேட்காத பெற்றோர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள் போல என்று டீச்சர் எடுத்துக்கொள்வார். எங்கே திணறுகிறான், யாரோடு சாப்பிடுகிறான், கைதூக்கிப் பேசுகிறானா, வீட்டில் நான் ஒன்றே ஒன்று செய்யலாம் என்றால் அது என்ன, இந்த நாலையும் எழுதிக்கொண்டு போங்கள். "மே பி வீ கேன் கீப் அன் ஐ ஆன் இட்", அதாவது கொஞ்சம் கவனித்து வருவோம், என்று மெல்லச் சொன்னால் அது உண்மையில் கவலை, அந்த இடத்தில் நிறுத்தி விவரம் கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே கேளுங்கள், அது பள்ளி செய்து தர வேண்டியது, காசு கிடையாது. போனில் தமிழ் பேசும் ஆளை இணைத்துத் தருவார்கள். பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள், எல்லாக் குறையும் வழியிலேயே காணாமல் போய்விடும்.

தேங்க்ஸ்கிவிங்குக்காக ஒரு காகித வான்கோழியைக் கொடுத்து "ஒளித்து வை" என்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை.

தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு யாரும் சமைத்துவிடாமல் தப்பிப்பதற்காக வான்கோழிக்கு மாறுவேஷம் போட வேண்டும், குடும்பமாகச் செய்யும் வேலை. எங்கள் வீட்டு வான்கோழி ஒரு வருடம் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோ ஓட்டுநர், இன்னொரு வருடம் பரதநாட்டியக்காரி, வால் விசிறியாகவே பொருந்தியது. சைவக் குடும்பம் என்பதால் வான்கோழி எங்கள் வீட்டில் பயமின்றி இருந்தது.

நாள் நவம்பர் நான்காம் வியாழன், 1941 சட்டப்படி. 1863-இல் லிங்கன் அறிவித்ததிலிருந்து வருடா வருடம் உண்டு. முன்பு குழந்தைகளுக்கு இறகு கட்டிப் பூர்வகுடியினர் வேஷம் போட்டு விருந்து நாடகம் நடத்துவார்கள், இப்போது பல பள்ளிகள் அதைக் கைவிட்டு, 1621-இல் ஆங்கிலேயக் குடியேறிகளோடு விருந்தில் இருந்த வம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்களைப் பற்றியே பாடம் நடத்துகின்றன. மகன் அதைப் படித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு வகுப்பெடுத்தான். கேன் உணவு சேகரிப்பு என்று பெட்டி வைத்திருந்தால் கொண்டைக்கடலை, ராஜ்மா டின் கொடுக்கலாம், தேதி பார்த்து.

தேங்க்ஸ்கிவிங்கோடு சேர்த்து ஊருக்குப் போய் ஜனவரியில் வந்தால்?

வருடத்துக்குக் குறைந்தது 180 நாள் பள்ளி. அதில் 10 சதவீதம், அதாவது 18 நாள், வராவிட்டால் நாள்பட்ட வருகைக் குறைவு என்று கணக்கில் ஏறும், பாட்டி வீடு என்றாலும் காய்ச்சல் என்றாலும் அதே எண்தான். டிக்கெட் மலிவு என்று ஐந்து வாரம் போனால் அந்த 18 அங்கேயே தீர்ந்துவிடும், அப்புறம் பிப்ரவரியில் சளி பிடித்தால் கடிதம் வரும். சில மாவட்டங்களில் நீண்ட நாள் வராத பிள்ளையைப் பதிவேட்டிலிருந்தே நீக்கி, திரும்பி வந்ததும் மறுபடி சேர்க்கச் சொல்வார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் அலுவலகத்தில் கேளுங்கள், போட்ட பிறகு இல்லை. டிசம்பர் விடுமுறைக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று நாள் ஒட்டிப் போய் வருவதுதான் நாங்கள் செய்வது, பொங்கல் கிடைக்காது என்ற வருத்தம் உண்டு.

புது ஜாக்கெட் இரண்டே வாரத்தில் தொலைந்துவிட்டது. யாரைக் கேட்பது?

யாரையும் கேட்க வேண்டாம், கேன்டீன் பக்கம் ஒரு நீளக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். குளிர் என்றாலும் ரீசஸுக்கு, அதாவது விளையாட்டு இடைவேளைக்கு, வெளியேதான் விடுவார்கள், ஓடி வியர்த்ததும் கழற்றி வேலியில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுகிறார்கள். காலரில் பெயரை அழியாத மையால் எழுதுங்கள், ஒரே கடையில் வாங்கிய அதே நீல ஜாக்கெட் அங்கே ஏழெட்டு இருக்கும். எங்கள் பள்ளியில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின வெள்ளிக்கிழமை எடுக்காததையெல்லாம் மூட்டை கட்டித் தானமாகக் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் அந்த வாரம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். போகும்போது கையுறை ஒற்றையாகக் கிடந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள், அனேகமாக உங்களுடையதுதான்.